உறங்கிய சர்வர் எழுந்து வருகிறதா? லினக்ஸின் நான்கு சோதனைக் கருவிகளைப் பற்றிய ஒரு மதிப்பீடு

எங்கள் அலுவலகத்தில் இரண்டு சர்வர்கள் உள்ளன. ஒன்று, இரண்டு பிராசஸர் சாக்கெட்டுகள் கொண்ட ரேக் சர்வர். மற்றொன்று, ஒரே சாக்கெட் கொண்ட டவர் சர்வர். பழைய சர்வர்களை வாங்கி விற்கும் ஒரு கடையில் இரண்டையும் வாங்கினோம். டவர் சர்வருக்கு இருக்கும் ஒரே வேலை, இரவு இரண்டு மணிக்கு மற்ற கணினிகளின் பேக்கப்பை எடுத்து வைப்பது. அந்த வேலை நான்கு மணிக்குள் முடிந்துவிடும். மீதி 22 மணி நேரமும் அது விசிறிகளைச் சுழற்றிக்கொண்டு சும்மா நிற்கிறது. சும்மா நிற்கும்போதும் 110 வாட் இழுப்பதைப் பிளக்கில் செருகும் மின்மானி காட்டியது. அறுபது நாள் கணக்கில் அந்தச் சும்மா நிற்கும் நேரத்துக்கு மட்டும் ஏறத்தாழ 145 யூனிட் ஆகிறது. ஒரு சிறிய வீடு இரண்டு மாதத்துக்குச் செலவழிக்கும் மின்சாரத்தை வேலையில்லாத ஒரு பெட்டிக்குக் கொடுப்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

மடிக்கணினியை மூடினால் உறங்கி, திறந்தால் விழிப்பதுபோல இந்தச் சர்வரையும் பழக்க முடியுமா என்று பார்ப்பதே நோக்கம். வாங்கிய அன்று இதைக் கேட்டபோது கடைக்காரர், "எல்லாம் வேலை செய்யும் சார், பயாஸிலேயே ஆப்ஷன் இருக்கு" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பயாஸில் ஆப்ஷன் இருந்தது. அந்த ஆப்ஷனை நம்பலாமா என்று சோதிக்க நான் பயன்படுத்திய கருவிகள் நான்கு: யூட்டில்-லினக்ஸ் தொகுப்பில் வரும் ஆர்டிசிவேக், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கும் பிஎம்-டெஸ்ட், இன்டெல் நிறுவனத்திலிருந்து வந்த ஸ்லீப்கிராஃப், கனானிக்கல் நிறுவனத்தின் ஃபர்ம்வேர் டெஸ்ட் ஸூட். நான்கும் கட்டற்ற மென்பொருள்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவுமில்லை. மூன்று வாரம் இவற்றோடு மல்லுக்கட்டிய பிறகு எழுதும் மதிப்பீடு இது.

கருவிகளுக்குள் போவதற்கு முன், சர்வரில் இது ஏன் கடினம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் சோதனை முடிவுகளைப் படிக்க முடியாது. கணினியின் உறக்க நிலைகளுக்கு எஸ்1, எஸ்3, எஸ்4 என்று பெயர் கொடுத்த ஏசிபிஐ விதிமுறை 1996-ஆம் ஆண்டு இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களின் பெயரில் வெளிவந்தது. அந்தக் காலத்தில் தோஷிபா எதற்குப் பேர்போனது என்பதை நினைத்துப் பார்த்தாலே இந்த நிலைகள் எந்த வகைக் கணினியை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டன என்பது விளங்கும். எஸ்3 நிலையில் பிராசஸர் உட்பட ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் மின்சாரம் நிறுத்தப்படுகிறது. ராம் மட்டும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு உள்ளடக்கத்தைக் காத்து வைத்திருக்கிறது. விழிக்கும்போது பிராசஸர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதால், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர்தான் முதலில் ஓடுகிறது. அது மெமரி கன்ட்ரோலரின் அமைப்புகளை முன்பு சேமித்து வைத்த குறிப்பிலிருந்து மீட்டு, ராமில் இருப்பதைத் தொடாமல், கெர்னல் விட்டுச் சென்ற முகவரிக்குத் தாவ வேண்டும். சாதாரணமாகச் சர்வர் பூட் ஆகும்போது இதே ஃபர்ம்வேர் ஒவ்வொரு மெமரி அட்டையையும் நிமிடக்கணக்கில் பழக்கி, பிழை கண்டு திருத்த உதவும் இசிசி பிட்டுகள் சரியாக அமைவதற்காக ராம் முழுவதையும் ஒருமுறை எழுதியும் விடுகிறது. விழிப்பின்போது இந்த வேலைகளைச் செய்தால் உறங்கும் முன் இருந்த அனைத்தும் அழிந்துவிடும். ஆகவே சர்வர் தயாரிப்பாளர் இதற்கென்று தனி வழி ஒன்றை எழுதி, அதை எல்லா மெமரி அளவுகளிலும் சோதித்துத் தர வேண்டும். டேட்டா சென்டரில் ஒரு சர்வரை உறங்க வைக்கும் வாடிக்கையாளர் அரிது என்பதால், பல தயாரிப்பாளர்கள் அந்தச் செலவைச் செய்வதே இல்லை. ஒவ்வொரு வன்பொருளையும் இயக்கும் டிரைவர்களின் கதையும் இதுவே: மடிக்கணினியில் வரும் வைஃபை சிப்பின் டிரைவர் தினமும் ஆயிரக்கணக்கானோரிடம் உறங்கி எழுந்து பழகியிருக்கிறது, சர்வரில் வரும் எஸ்ஏஎஸ் வட்டு அட்டையின் டிரைவருக்கு அந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை.

ரேக் சர்வரின் சோதனை அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. பூட் ஆகும்போது கெர்னல் எழுதும் செய்திகளில், இந்தக் கணினி எந்தெந்த ஏசிபிஐ நிலைகளை ஆதரிக்கிறது என்று ஒரு வரி வரும். அதில் எஸ்0 (விழிப்பு), எஸ்4, எஸ்5 (முழு அணைப்பு) மட்டும் இருந்தன, எஸ்3 இல்லை. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு, நானும் முதல் நாள் ஏமாந்தேன். கெர்னல் தன் நிலையைக் காட்டும் சிஸ் கோப்பகத்தில் பவர் அடைவுக்குக் கீழ் இருக்கும் ஸ்டேட் என்ற கோப்பைத் திறந்தால், எஸ்3 இல்லாத கணினியிலும் "மெம்" என்ற சொல் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, ராமில் உறங்கும் வசதி உண்டு என்று மகிழ்ந்து கட்டளை கொடுத்தால், திரை இருண்டு, சர்வர் உறங்கியதுபோலத் தோன்றும். அருகிலேயே இருக்கும் மெம்-ஸ்லீப் என்ற இன்னொரு கோப்பைத்தான் பார்த்திருக்க வேண்டும். அதில் "டீப்" என்ற சொல் இருந்தால் அது எஸ்3; "எஸ்2ஐடில்" மட்டும் இருந்தால், கெர்னல் நிரல்களை உறையவைத்து, வன்பொருள்களை அடக்கி, பிராசஸரைச் சும்மா இருக்கச் சொல்வதோடு சரி. என் ரேக் சர்வர் விழித்திருக்கும்போது 130 வாட்டும், இந்தப் போலி உறக்கத்தில் 118 வாட்டும் இழுத்தது; விசிறிகள் ஒரு நொடியும் நிற்கவில்லை. மின்மானி இல்லாமல் சர்வரில் சஸ்பெண்ட் சோதனை செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு எடை போடுவதற்குச் சமம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

டவர் சர்வரில் அந்த வரியில் எஸ்3 இருந்தது. மெம்-ஸ்லீப் கோப்பிலும் டீப் இருந்தது. இனி இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றியதே.

ஆர்டிசிவேக் இல்லாமல் எந்தச் சோதனையும் தொடங்க முடியாது. விசைப்பலகையும் திரையும் இல்லாமல் மூலையில் நிற்கும் பெட்டியை உறங்கவைத்தால் எழுப்புவதற்கு ஆள் வேண்டுமே. இந்தக் கருவி மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் முதலில் அலாரம் வைத்துவிட்டு, அதன்பிறகு உறங்கச் சொல்கிறது. எத்தனை விநாடி, எந்த வகை உறக்கம் என்ற இரண்டு விவரங்களைக் கொடுத்தால் போதும். உறங்காமல் அலாரம் மட்டும் வைக்கவும், வைத்த அலாரத்தைப் பார்க்கவும் வழிகள் உள்ளன. முதல் முயற்சியில் 60 விநாடி கொடுத்தேன். விசிறிகள் நின்றன. அந்த அறையில் அத்தனை அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மின்மானி 12 வாட்டில் நின்றது. அதில் பெரும்பகுதி, சர்வர் அணைந்திருந்தாலும் அணையாத பிஎம்சி என்னும் மேலாண்மைச் சிப்புக்குப் போவது. சரியாக ஒரு நிமிடத்தில் விசிறிகள் உறுமின, தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பு மறுபடி உயிர்பெற்றது. வெற்றி என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தபோது வட்டுத் தொகுதியின் நிலையைக் காட்டும் கோப்பில் நான்கு யூ எழுத்துகளுக்குப் பதிலாக மூன்று யூவும் ஒரு அடிக்கோடும் இருந்தன. நான்கு ஹார்டு டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டில் ஒன்று வெளியே தள்ளப்பட்டிருந்தது. ஆர்டிசிவேக் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை; அதன் வேலை எழுப்புவது மட்டும், எழுந்தவர் முழுமையாக எழுந்தாரா என்று பார்ப்பது அதன் பொறுப்பில் இல்லை. அலாரக் கடிகாரத்தைக் குறை சொல்ல முடியாது.

இந்தக் கோளாறு எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க உதவியது பிஎம்-டெஸ்ட். நான்கிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. இதற்கு அழகான முகப்பு இல்லை, தனி நிரலும் இல்லை, சிஸ் கோப்பகத்தில் ஒரு கோப்பு மட்டுமே இருக்கிறது. கெர்னலைக் கட்டும்போது மின் மேலாண்மைப் பிழைநீக்க வசதியைச் சேர்த்திருந்தால் அந்தக் கோப்பு தோன்றும். அதில் ஒரு சொல்லை எழுதிவிட்டு உறங்கச் சொன்னால், கெர்னல் உறக்கத்தை நோக்கி அந்தப் படி வரை இறங்கி, 5 விநாடி காத்திருந்து, தானாக மேலே ஏறி வந்துவிடும். ஃப்ரீசர் என்றால் நிரல்களை உறையவைத்துத் திரும்பும். டிவைசஸ் என்றால் அதோடு எல்லா டிரைவர்களையும் உறங்கச் சொல்லித் திரும்பும். பிளாட்ஃபார்ம் என்றால் ஏசிபிஐ அழைப்புகள் வரையிலும், பிராசஸர்ஸ் என்றால் முதல் பிராசஸரைத் தவிர மற்றவற்றை நிறுத்தும் வரையிலும், கோர் என்றால் ஃபர்ம்வேரின் வாசல் வரையிலும் போய்த் திரும்பும். எந்தப் படியிலும் உண்மையான எஸ்3-க்குள் கால் வைப்பதில்லை. ஆகவே பிளாட்ஃபார்முக்கு முந்தைய ஒரு படியிலேயே கோளாறு தெரிந்தால் அது பெரும்பாலும் ஃபர்ம்வேரால் வந்ததில்லை என்று கொள்ளலாம். ஐந்து படிகளும் நன்றாக இருந்து, உண்மையான உறக்கத்தில் மட்டும் கெட்டால் பழி ஃபர்ம்வேர் மேல் விழுகிறது. பழியை யார்மேல் போடுவது என்பதை இத்தனை மலிவாகத் தீர்த்துவைக்கும் வேறு கருவியை நான் பார்த்ததில்லை.

என் சர்வரில் ஃப்ரீசர் படி சிக்கலின்றிப் போனது. டிவைசஸ் படியில், அந்த 5 விநாடிக் காத்திருப்புக்குப் பிறகு, எஸ்ஏஎஸ் அட்டை மீண்டும் தன்னைத் தொடங்கிக்கொண்டு வட்டுகளை ஒவ்வொன்றாகச் சுழலவிட்டது. மூன்று வட்டுகள் எழுந்தன. நான்காவது எழுவதற்குள் பொறுமையிழந்த ரெய்டு மென்பொருள் அதற்கு எழுத முயன்று, பிழை வாங்கி, அதை வெளியேற்றியது. ஃபர்ம்வேர் குற்றமற்றது. முழுவதும் அட்டைக்கும் டிரைவருக்கும் இடையிலான விவகாரம். அட்டையின் பெயரை இங்கே சொல்வதில் பயனில்லை, ஏனெனில் பழைய வட்டுகள் நான்கையும் ஒரே பின்தட்டில் வைத்தது என் முடிவு. அதே அட்டை வேறிடத்தில் ஒழுங்காக எழுந்து வரவும் கூடும்.

பிஎம்-டெஸ்ட்டைப் பற்றி ஒரு குறையும் உண்டு, அதில் என் கவனக்குறைவுக்கும் பங்கு உண்டு. சோதனை முடிந்ததும் அந்தக் கோப்பில் "நன்" என்று எழுதித் திருப்பிவிட வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த பூட் வரை கெர்னல் சோதனை முறையிலேயே இருக்கும். நான் மறந்துவிட்டேன். அடுத்து ஆர்டிசிவேக்கில் பத்து நிமிடம் கொடுத்தபோது சர்வர் ஐந்து விநாடியில் எழுந்து வந்தது. ஏதோ ஒரு வன்பொருள் அதை எழுப்புகிறது என்று எண்ணி, விழிப்பு மூலங்களைப் பட்டியலிடும் ஏசிபிஐ கோப்பைத் திறந்து, யூஎஸ்பி துறைகளையும் நெட்வொர்க் அட்டையையும் ஒவ்வொன்றாக முடக்கிக்கொண்டு ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன். கெர்னல் செய்திகளில் "5 விநாடி காத்திருக்கிறேன்" என்ற வரி கண்முன்னே இருந்தது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பதுபோல, விழிப்பு மூலத்தைத் தேடியவன் கண்ணில் அந்த வரி படவில்லை.

ஸ்லீப்கிராஃப் இவற்றிலிருந்து வேறுபட்ட வகை. பைதானில் எழுதப்பட்ட இந்த நிரல், கெர்னலின் மூல நிரலோடு டூல்ஸ் அடைவில் பிஎம்-கிராஃப் என்ற பெயரில் வருகிறது. சர்வரை உறங்கவைத்து எழுப்பும்போது கெர்னலின் தடயப் பதிவுகளைச் சேகரித்து, ஒவ்வொரு டிரைவரும் உறங்க எத்தனை மில்லிவிநாடி, எழ எத்தனை மில்லிவிநாடி எடுத்தது என்பதை ஒரு இணையப்பக்கமாக வரைந்து தருகிறது. அந்தப் படத்தைத் திறந்தவுடன் என் சர்வரின் கதை கண்முன் விரிந்தது. நெட்வொர்க், யூஎஸ்பி, சாட்டா எல்லாம் இடது ஓரத்தில் மெல்லிய கீற்றுகளாக நிற்க, எஸ்ஏஎஸ் வட்டுகளுக்கான பட்டைகள் மட்டும் வலப்புறம் முழுதும் நீண்டு, 23 விநாடியைத் தாண்டிக் கிடந்தன. வட்டுகள் சுழல ஒவ்வொன்றாக வரிசையில் காத்திருப்பதைப் படிக்கட்டுபோல அடுக்கிய நான்கு பட்டைகள் காட்டின; மின் வழங்கியின்மேல் ஒரே நேரத்தில் சுமை விழாமல் இருக்க, அட்டை வேண்டுமென்றே செய்வது அது. ஃபர்ம்வேர் தன் பங்குக்கு எடுத்துக்கொண்ட நேரத்தையும், அந்தக் கணக்கை ஏசிபிஐ அட்டவணையில் தயாரிப்பாளர் எழுதிவைத்திருந்தால், இக்கருவி படித்துக் காட்டும்.

குறை என்றால், இது நேரத்தைக் காட்டும், நலத்தைக் காட்டாது. ஒரு டிரைவர் மூன்று மில்லிவிநாடியில் எழுந்துவிட்டது என்று பச்சைக் கீற்று சொல்லும். எழுந்தபின் அது வேலை செய்கிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். படம் உருவாக வேண்டுமானால் சர்வர் எழுந்து வந்தே ஆக வேண்டும் என்பதும் இருக்கிறது. எழாத சர்வருக்கு இது உதவாது. மடிக்கணினி விழிப்பை அரை விநாடி குறைக்கப் பாடுபடும் பொறியாளருக்கு இது பொக்கிஷம். பேக்கப் சர்வர் 2 விநாடியில் எழுந்தால் என்ன, 30 விநாடியில் எழுந்தால் என்ன என்று இருக்கும் என்போன்றோருக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

ரெய்டுக் கோளாறுக்கு நான் கண்ட வழி எளியது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்-டி, உறங்கும் முன்னும் எழுந்த பின்னும் ஓட்டும் நிரல்களுக்கென்று ஓர் அடைவு வைத்திருக்கிறது. அதில், உறங்கும் முன் கோப்பு முறைமையைக் கழற்றி ரெய்டை நிறுத்தவும், எழுந்தபின் நான்கு வட்டுகளும் கண்ணில் பட்ட பிறகே மறுபடி சேர்க்கவும் பன்னிரண்டு வரியில் ஒரு ஷெல் நிரல் எழுதிவைத்தேன். கெர்னலை உறங்கச் சொல்லி நேரடியாக எழுதினால் அந்த நிரல் ஓடாது என்பதால், ஆர்டிசிவேக்கை அலாரம் வைப்பதற்கு மட்டும் பயன்படுத்தி, உறங்கச் சொல்லும் வேலையைச் சிஸ்டம்-டியிடம் விட்டுவிட்டேன்.

ஒருமுறை எழுந்ததால் ஒரு சர்வர் எழும் என்று சொல்ல முடியாது. நூறு முறை எழுப்பிப் பார்க்கவே ஃபர்ம்வேர் டெஸ்ட் ஸூட் தேவைப்பட்டது. இதன் எஸ்3 சோதனைக்கு எத்தனை சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது எவ்வளவு நேரம், அதிகபட்சம் எவ்வளவு நேரம் உறங்க வேண்டும் என்றெல்லாம் சொல்லலாம். உறங்கும் நேரத்தைச் சுற்றுக்குச் சுற்று மாற்றுவது வீண் அலங்காரம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பத்து விநாடி உறக்கத்தில் வட்டுகள் முழுமையாக நிற்பதற்குள்ளேயே மறுபடி சுழலத் தொடங்கிவிடுகின்றன. இரண்டு நிமிட உறக்கத்தில்தான் அவை உண்மையில் ஓய்கின்றன. இரண்டும் வேறுவேறு சோதனைகள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் இந்தக் கருவி கெர்னல் செய்திகளை அலசி, தனக்குத் தெரிந்த பிழை வரிகள் இருந்தால் தீவிரத்தோடு எடுத்துச் சொல்கிறது; விரும்பினால் உறங்கும் முன்னும் பின்னும் இருந்த வன்பொருள்களின் பட்டியலை ஒப்பிட்டும் பார்க்கிறது. அறிக்கையில் பிழை என்று சொல்வதோடு நிற்காமல், அந்தப் பிழை ஏன் வரும், அதனால் என்ன கெடும் என்று ஒரு பத்தி அறிவுரையும் தருகிறது. அந்த அறிவுரைகளின் தரம் இந்தத் துறையில் வேறெங்கும் காணாதது.

நூறு சுற்றில் நூறும் தேறியது என்று அறிக்கை வந்தது. அதை அப்படியே நம்பியிருந்தால் இந்த மதிப்பீடு இங்கே முடிந்திருக்கும். ஆனால் இக்கருவியின் எஸ்3 சோதனை பெரும்பாலும் மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் உரிய பார்வையோடு பார்க்கிறது: நெட்வொர்க் இருக்கிறதா, புளூடூத் இருக்கிறதா, திரை இருக்கிறதா என்று. சர்வர்க்காரர் கேட்கும் கேள்விகள் வேறு. அவற்றுக்கு விடை காண நானே சிறு நிரல் எழுதிச் சுற்றுக்குச் சுற்று பதிவு செய்தேன்; அதில்தான் மூன்று விஷயங்கள் வெளிவந்தன.

முதலாவது கடிகாரம். கெர்னல் நேரத்தைப் பார்க்க வழக்கமாகப் பிராசஸருக்குள்ளிருக்கும் டிஎஸ்சி என்ற எண்ணியைப் பயன்படுத்துகிறது. அது மிக வேகமானது. முப்பத்தேழாவது சுற்றுக்குப் பிறகு, நடப்புக் கடிகாரம் எது என்று காட்டும் கோப்பில் டிஎஸ்சிக்குப் பதிலாக எச்பிஇடி என்ற வேறொரு கடிகாரத்தின் பெயர் இருந்தது. விழிப்பின்போது ஃபர்ம்வேர் எண்ணியின் மதிப்பைக் கலைத்ததாகவும், ஆகவே அதை நம்ப முடியாது என்றும் கெர்னல் முடிவெடுத்திருந்தது; ஃபர்ம்வேர் பிழை என்று சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு ஒரு வரியும் எழுதியிருந்தது. சர்வர் நின்றுவிடவில்லை, எந்தச் சேவையும் விழவில்லை. ஆனால் எச்பிஇடியைப் படிக்க ஒவ்வொரு முறையும் கெர்னலுக்குள் போய், பிராசஸருக்கு வெளியே இருக்கும் சிப்பைக் கேட்டுத் திரும்ப வேண்டியிருப்பதால், அடிக்கடி நேரம் பார்க்கும் டேட்டாபேஸ் போன்ற நிரல்கள் காரணம் தெரியாமல் மந்தமாகும். பேக்கப் சர்வருக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. டேட்டாபேஸ் ஓட்டும் சர்வரில் இதே ஒன்று போதும், சஸ்பெண்டை மறந்துவிட வேண்டியதுதான்.

இரண்டாவது பிஎம்சி. சர்வர் உறங்கினாலும் அந்தச் சிப் உறங்குவதில்லை. வெப்பத்தையும் விசிறியையும் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. எஸ்3 என்ற ஒன்று உண்டு என்பதை என் சர்வரின் பிஎம்சிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விசிறிகள் நின்றதும் ஆறு விசிறிகளும் பழுதாகிவிட்டன என்று அது நிகழ்வுப் பதிவேட்டில் ஆறு எச்சரிக்கைகளை எழுதி, ஆறு மின்னஞ்சல்களையும் அனுப்பியது. எழுந்ததும் ஆறும் சரியாகிவிட்டன என்று மேலும் ஆறு. நூறு சுற்றுச் சோதனையை இரவில் ஓடவிட்டு, காலையில் அஞ்சல் பெட்டியைத் திறந்த என் உதவியாளரின் முகத்தை நான் மறக்கமாட்டேன். சிரிப்பதற்கு மட்டும் இது உரியதாக இல்லை: அந்தப் பதிவேட்டில் இடம் குறைவு, பொய் எச்சரிக்கைகள் நிரம்பினால் உண்மையான எச்சரிக்கைக்கு இடமிருக்காது.

மூன்றாவது, நெட்வொர்க் வழியாக எழுப்புவது. வேக்-ஆன்-லேன் பொட்டலம் என்பது, எஃப்எஃப் என்ற பைட் ஆறு முறையும், அட்டையின் மேக் முகவரி பதினாறு முறையும் வருகிற 102 பைட் தொடர் மட்டுமே. அதில் கெட்டுப்போக எதுவுமில்லை. முதல் முறை அனுப்பியதும் சர்வர் எழுந்தது. மறுபடி உறங்கவைத்து மறுபடி அனுப்பியபோது எழவில்லை. பெட்டியின் பொத்தானை அழுத்தி எழுப்பிப் பார்த்தால், அந்த அட்டை உறக்கத்திலிருந்து எழும்போது, "என்னை எழுப்பலாம்" என்ற தன் அனுமதியையே மறந்திருந்தது. ஒவ்வொரு விழிப்புக்குப் பின்னும் நெட்வொர்க் அட்டையை அமைக்கும் ஈத்டூல் கட்டளையால் அதை நினைவூட்ட, முன்சொன்ன ஷெல் நிரலில் பதின்மூன்றாவது வரி சேர்ந்தது. இரண்டாவது முறை உறங்கவைத்துப் பார்க்காதவர் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார். அவசரத்துக்கு சர்வரை எழுப்ப முயலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அது தானாகத் தெரியவரும்.

நல்ல செய்தியாக, நூறு சுற்றிலும் இசிசி பிழை எண்ணி ஒருமுறைகூட ஏறவில்லை. ராம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் அந்த நிலையைத்தான் நான் அதிகம் சந்தேகித்தேன். அந்த வகையில் இந்த மதர்போர்டைச் செய்தவர்களுக்கு ஒரு வணக்கம்.

மடிக்கணினியைவிடச் சர்வரில் இந்தச் சோதனை எளிதாகும் இடம் ஒன்று இருப்பதையும் சொல்ல வேண்டும். உறங்கப்போகும் மடிக்கணினியின் திரைதான் முதலில் அணைகிறது. அதன்பின் உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. சர்வரில் பிஎம்சி வழியாக சீரியல் கன்சோலை இன்னொரு கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, கன்சோலை உறங்கவிடாதே என்று கெர்னலுக்குப் பூட் கட்டளையில் சொல்லிவிட்டால், கடைசிப் படி வரை நடப்பது வரிவரியாக வந்துகொண்டிருக்கும். எழாமல் போனால் வீட்டிலிருந்தபடியே மின்சாரத்தை அணைத்துப் போடலாம். இந்த வசதி இருக்கும்போது, பிஎம்-ட்ரேஸ் என்ற பழைய உத்தியைத் தொட வேண்டாம். கடைசியாக எந்த வன்பொருளில் நின்றது என்பதை அது மதர்போர்டின் கடிகாரத்திலேயே எழுதிவைக்கிறது. அதனால் கடிகாரம் எங்கோ போய்விடுகிறது. பேக்கப்பின் பழைய பிரதிகளைத் தேதி பார்த்து அழிக்கும் சர்வரில் தேதி தவறினால் விளைவு எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

எஸ்4, அதாவது ராமின் உள்ளடக்கத்தை வட்டில் எழுதிவிட்டு முழுவதும் அணைவது, சர்வருக்குப் பொருத்தமில்லை என்பது என் கருத்து. எழுதும் பிம்பத்தைக் கெர்னல் வழக்கமாக ராமில் ஐந்தில் இரண்டு பங்குக்குள் அடக்கப் பார்க்கும். 64 ஜிபி ராமுக்கு அதுவே 25 ஜிபிக்கு மேல். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் இயங்கும் பல லினக்ஸ்களில் இந்த வசதி அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். எழும்போது ஃபர்ம்வேர் வழக்கமான முழு பூட்டையும் செய்வதால் நேரமும் மிச்சமாவதில்லை. ஒருமுறை முயன்றேன், வேலை செய்தது, விட்டுவிட்டேன்.

இப்போது டவர் சர்வர் அதிகாலை பேக்கப் முடிந்ததும் உறங்கி, இரவு 1.50-க்கு அலாரத்தில் எழுகிறது. பிஎம்சியின் விசிறி எச்சரிக்கைகளை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம் என்று அமைத்துவிட்டு, பதிவேட்டை வாரம் ஒருமுறை துடைக்கிறேன். எஸ்3 இல்லாத ரேக் சர்வருக்கு வீண் முயற்சி எடுக்காமல், வேலை முடிந்ததும் முழுவதும் அணைத்துவிட்டு, தேவைப்படும்போது பிஎம்சி வழியாகப் போட்டுக்கொள்கிறோம். பூட் ஆக நான்கு நிமிடம் ஆகிறது, அதற்குள் ஒரு தேநீர் முடிந்துவிடும். அதே கடைக்காரர் போன வாரம் அழைத்து, டவர் மாடலில் இன்னொன்று வந்திருக்கிறது என்றார். லைவ் லினக்ஸ் இருக்கும் பென் டிரைவையும் மின்மானியையும் கொண்டுவருகிறேன், கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு பணம் தருகிறேன் என்று சொன்னேன். "ஒரு மணி நேரமா சார்?" என்றவர், சற்று யோசித்துவிட்டு, மதியத்துக்கு மேல் வரச் சொன்னார்.